பிரேக் அடிப்பவனுக்குத்தான் ரேக்கா?

எங்கள் கீழக்கரையில் பூல் டேபிள் போட்டிருக்கும் ஒரு கடைக்கு அடிக்கடி வரும் தம்பி ஒருவன் கேட்ட கேள்வி இது: "காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), பெரிய போட்டியில நைன் பால் ஆடுறாங்கள்ல, அதுல பிரேக் யாருக்கோ ரேக்கும் அவனுக்குத்தான்னு எல்லாரும் சொல்றாங்களே, நெசமா? எத்தனை சதவீதம் அப்படி நடக்குது? அப்ப டாஸ்ல ஜெயிச்சவனே மேட்ச்சையும் ஜெயிச்சிர மாட்டானா?" அன்றைக்கு மக்ரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டதால் பாதியோடு எழுந்து போய்விட்டேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நைன் பால் என்பது கோலால் வெள்ளைப் பந்தை (கியூ பால்) அடித்து, 1 முதல் 9 வரை எண் போட்ட பந்துகளைப் பாக்கெட்டில் போடும் பூல் ஆட்டம், 9ஐப் போட்டவருக்கு அந்தச் சுற்று. பந்துகளைக் கட்டி வைப்பதற்கும் அப்படி ஆடும் ஒரு சுற்றுக்கும் ரேக் என்று பெயர், கட்டி வைத்ததை உடைக்கும் முதல் அடிதான் பிரேக்.

முதலில் ஒரு திருத்தம், டாஸ் கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பந்தை எதிர்க் குஷன் (மேஜை ஓரத்து ரப்பர்) வரை அடித்துத் திரும்பி வரச் செய்வார்கள், யாருடையது இந்தப் பக்கக் குஷனுக்கு அருகில் நிற்கிறதோ அவருக்கு முதல் பிரேக். இதற்கு லேக் என்று பெயர், அதிலேயே பாதி கைத்திறன் தெரிந்துவிடும்.

இப்போது விஷயம். பிரேக் அடிப்பவருக்கு ஆதாயம் உண்டு, ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு இல்லை. உலகத் தரத்து நைன் பால் ஆட்டங்களை எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கை மொத்தமாக எடுத்துக்கொண்டால், பிரேக் அடித்தவர் அந்த ரேக்கை ஜெயிப்பது பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பிரேக்கில் ஒரு பந்தாவது விழுவது பாதிக்கு மேல், ரேக் கட்டும் முறையைப் பொறுத்து நான்கில் மூன்று வரைகூடப் போகும். பிரேக் அடித்து, எதிராளியை எழவே விடாமல் கடைசி 9 வரை ஒரே மூச்சில் முடிப்பது ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். யூடியூபில் பார்க்கும்போது ஒவ்வொரு ரேக்கும் அப்படி முடிகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் வெட்டி ஒட்டிப் போடுகிறவர்கள் சேஃப்டி (எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காதபடி பந்தை மறைத்து வைப்பது) ஆடும் பத்து நிமிஷத்தைப் போடமாட்டார்கள்.

நமக்கு இந்தத் தப்பான எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். கேரம் போர்டிலிருந்துதான் என்று எனக்குப் படுகிறது. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து சஹர் வரைக்கும் தெருவிளக்கின் கீழே போரிக் பவுடர் தூவி ஆடி வளர்ந்தவர்கள் நாம். அங்கே பிரேக் அடிக்கிறவனுக்கு வெள்ளைக் காய், கை ஓடுகிற ஆளாக இருந்தால் எதிரில் இருப்பவன் ஸ்ட்ரைக்கரைத் தொடுவதற்கு முன்பே ஒன்பது வெள்ளையும் ரெட்டும் உள்ளே போய்விடும். வெள்ளை ஸ்லாம் என்பார்கள். இரண்டு முறை உலக சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய சென்னை மரிய இருதயம் காலத்திலிருந்து இன்று வரை பெரிய போட்டிகளில் ஸ்லாம் ஒன்றும் அபூர்வம் இல்லை. ஆனால் கேரமில் ஒன்பது வெள்ளையில் எது வசதியோ அதை அடிக்கலாம். நைன் பாலில் அந்தச் சுதந்திரம் கிடையாது. மேஜையில் இருப்பதில் சின்ன எண் எதுவோ அதைத்தான் முதலில் தொட வேண்டும். பிரேக்கில் 4ஆம் நம்பரும் 7ஆம் நம்பரும் அழகாக உள்ளே போயிருக்கும், ஆனால் 1 எங்கோ மூலையில் 6க்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும், என்ன செய்வாய்?

நம் கடற்கரை ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும். வலை இழுக்கும்போது கனமாகத்தான் இருக்கிறது, கரைக்கு வந்து பார்த்தால் அத்தனையும் மலிவான காரல், விலை போகிற சீலா ஒன்றுகூட இல்லை. வலையில் மீன் விழுந்ததா என்று கேட்டால் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டீசல் காசு வந்ததா என்பது வேறு கேள்வி. பிரேக் சதவீதத்தில் நாம் பொதுவாகக் கேட்பது முதல் கேள்வியை மட்டும்தான்.

இதை நானும் சும்மா உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. 2010 முதல் 2019 வரை உலக நைன் பால் சாம்பியன்ஷிப் கத்தாரில், தோஹாவில்தான் நடந்தது. நான் அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்த காலம் அது. லீவு கிடைத்தால் போய் உட்கார்ந்துவிடுவேன், கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் இரண்டு நாள் எழுதினது அத்தனையும் வீண். பிரேக்கில் பந்து விழுந்தால் ஒரு டிக், விழாவிட்டால் ஒரு கோடு என்று மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். கியூ பாலும் கூடவே பாக்கெட்டுக்குள் போய் ஃபவுல் ஆனதற்குக்கூட டிக்தான் போட்டிருக்கிறேன்! அது எதிராளிக்குக் கொடுக்கிற விருந்து. கியூ பாலைக் கையில் எடுத்து இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து அடிப்பான். என் நோட்டில் அது பிரேக் அடித்தவனுக்குச் சாதகமாக ஏறியிருந்தது.

பிறகு பத்திகளை மாற்றினேன். பிரேக் யார், எத்தனை பந்து விழுந்தது, கியூ பால் தப்பியதா, 1 நேராகத் தெரிகிறதா, அடுத்த அடி யார் கையில், கடைசியில் ரேக் யாருக்கு. இதில் நான்காவது பத்திதான் உயிர். பந்து விழுந்தும் 1 தெரியவில்லை என்றால் பிரேக் அடித்தவர் புஷ் அவுட் சொல்லலாம். அதாவது பிரேக்குக்கு அடுத்த அடியில் மட்டும், எந்தப் பந்தையும் தொட வேண்டிய கட்டாயம் இல்லாமல் கியூ பாலை எங்காவது நகர்த்தி வைக்கலாம், எதிராளி விருப்பமிருந்தால் ஆடுவார், இல்லையென்றால் நீயே ஆடு என்று திருப்பிவிடுவார். ஆக, பந்து விழுந்த பிரேக் என்று டிவியில் எண்ணிக்கையில் சேர்ந்த ஒன்று, மேஜையில் கிட்டத்தட்ட சமநிலைதான். அதே மாதிரி, ஒன்றுமே விழாத டிரை பிரேக்கிலும் 1 ஒளிந்துகொண்டால் எதிராளிக்கும் கஷ்டம்தான். விழுந்தது, விழவில்லை என்ற இரண்டு பெட்டிக்குள் இதை அடைக்க முடியாது.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொள்பவை, எந்தப் போட்டியிலிருந்தும் எடுத்தவை அல்ல. நீ 100 முறை பிரேக் அடிக்கிறாய். 60 முறை ஃபவுல் இல்லாமல் பந்து விழுகிறது, 40 முறை டிரை அல்லது ஃபவுல். பந்து விழுந்தபோது நூற்றுக்கு 60 ரேக் ஜெயிக்கிறாய், விழாதபோது நூற்றுக்கு 42. அப்படியானால் 36 கூட்டல் 16.8, ஆக மொத்தம் 52.8 ரேக். இப்போது ராத்திரி பகல் பயிற்சி எடுத்து, பந்து விழுவதை 60இலிருந்து 70 ஆக்கிவிட்டாய் என்று வை. 42 கூட்டல் 12.6, மொத்தம் 54.6. இவ்வளவு பாடுபட்டு நூறு பிரேக்குக்கு 1.8 ரேக்தான் கூடியிருக்கிறது. 11 வரை ஆடும் ஒரு மேட்ச்சில் உனக்கு ஒன்பது, பத்து பிரேக்தான் வரும். அதில் ஒரு ரேக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

அதையே வேறு விதமாகச் செய். பந்து விழுவது 60ஆகவே இருக்கட்டும், ஆனால் கியூ பாலை நடு மேஜையில் நிறுத்தி, 1 எந்தப் பக்கம் போகும் என்பதையும் பிடித்துவிட்டாய், அதனால் விழுந்த பிறகு ஜெயிப்பது நூற்றுக்கு 60இலிருந்து 70 ஆகிறது. 42 கூட்டல் 16.8, மொத்தம் 58.8. நூற்றுக்கு 6 ரேக் லாபம். அதே பத்துப் புள்ளி முன்னேற்றம்தான், ஆனால் மூன்று மடங்குக்கு மேல் பலன். நான் தோஹாவில் பார்த்த பெரிய ஆட்கள் எல்லோரும் பிரேக் அடித்த அடுத்த நொடியே பாக்கெட்டைப் பார்ப்பதில்லை, கியூ பாலைத்தான் பார்க்கிறார்கள். நம் கடையில் தலைகீழ், என்ன விழுந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே கியூ பால் மெதுவாக உருண்டு போய் மூலைப் பாக்கெட்டுக்குள் இறங்கிவிடும்.

கியூ பாலை நடுவில் நிறுத்துவது எப்படி என்றும் கேட்பாய். 1ஐ நட்ட நடுவில், முழுசாக அடித்தால் கியூ பால் தன் வேகத்தைப் பெரும்பாலும் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பின்வாங்கி நின்றுவிடும். ஓரத்தில் பட்டால் பக்கவாட்டில் பறக்கும். இதில் சிக்கல் என்னவென்றால் தொழில்முறை ஆட்டக்காரரின் (புரோ) பிரேக் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகிறது, கியூவின் பின்பக்கம் குஷனுக்கு மேலே கொஞ்சம் தூக்கியே இருப்பதால் கியூ பால் துணியில் உருளாமல் லேசாகக் குதித்துக்கொண்டேதான் 1ஐப் போய்ச் சேரும். அந்தக் குதியில் எந்த உயரத்தில் படுகிறது என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது. இதனால்தான் அசுர வேகத்தில் அடிப்பவரைவிட, எண்பது சதவீத வேகத்தில் ஒரே இடத்தில் படும்படி அடிப்பவர் எனக்குப் பிடிக்கும்.

பிரேக் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ஷேன் வான் போனிங். அமெரிக்கா, சவுத் டகோடாக்காரர், யுஎஸ் ஓப்பன் நைன் பாலை 2007, 2012, 2013, 2014, 2016 என்று ஐந்து முறை ஜெயித்தவர். உலகத்திலேயே பயமுறுத்தும் பிரேக் அவருடையது என்று பல வருஷம் சொன்னார்கள். பிரேக்தான் எல்லாம் என்றால் உலகப் பட்டமும் அப்போதே அவரிடம் போயிருக்க வேண்டும், இல்லையா? 2015இல் தோஹா இறுதி ஆட்டத்தில் தைவானின் கோ பின் யியிடம் 11க்கு 13 என்று தோற்றார். மறு வருஷம் மறுபடி இறுதிக்கு வந்து ஆஸ்திரியாவின் அல்பின் ஊஷனிடம் 6க்கு 13. கடைசியில் 2022இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் அதே ஊஷனை 13க்கு 6 என்று அடித்துத்தான் பட்டம் வாங்கினார். ஆறு வருஷம் கழித்து, அதே ஆள், அதே ஸ்கோர், திருப்பிப் போட்டு! இந்த இறுதி ஆட்டங்களை எல்லாம் அறையில் நண்பர்களோடு போனில் பார்த்தவன் நான், 2015 தோல்வி அன்றைக்கு எனக்கே சோறு இறங்கவில்லை.

அடுத்தது கொஞ்சம் மண்டையைக் குழப்பும், ஆனால் உன் கேள்விக்கு இதுதான் நடுத்தண்டு. பிரேக் அடித்தவர் ஜெயித்த சதவீதம் என்று யாராவது ஒரு எண்ணைக் கொடுத்தால், உடனே கேள்: ஜெயித்தவரே அடுத்த பிரேக் அடிக்கும் முறையா, மாறி மாறி அடிக்கும் முறையா? ஏன் என்று சொல்கிறேன். பிரேக்கினால் யாருக்கும் ஒரு பைசா ஆதாயமும் இல்லாத ஒரு கற்பனை ஆட்டம் வைத்துக்கொள். நீயும் நானும் ஆடுகிறோம், நீ கெட்டிக்காரன், யார் பிரேக் அடித்தாலும் நான்கில் மூன்று ரேக் உனக்கு. ஜெயித்தவர் பிரேக் என்ற முறையில் ஆடினால், ஜெயிப்பது நீ என்பதால் நான்கில் மூன்று பிரேக்கும் நீதான் அடிப்பாய். எண்ணிப் பார்த்தால் பிரேக் அடித்தவர் ஜெயித்தது 62.5 சதவீதம் என்று வரும் (உன் பிரேக்கில் முக்காலின் முக்கால், என் பிரேக்கில் காலின் கால்). பார்க்கிறவன் பிரேக்கில் என்ன ஒரு ஆதாயம் என்று வாயைப் பிளப்பான். அங்கே ஆதாயமே இல்லை, நான் ஆடத் தெரியாதவன் என்பது மட்டும்தான் அந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது. மாறி மாறி பிரேக் அடித்திருந்தால் சரியாக 50 வந்திருக்கும்.

இது ஏதோ கற்பனைதானே என்று தள்ளிவிடாதே. ஃபார்கோ ரேட் என்று ஒரு தரவரிசை முறை இருக்கிறது, இரண்டு பேருக்கு நடுவே 100 புள்ளி வித்தியாசம் என்றால் ரேக்குகள் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் போகும் என்பது அதன் அடிப்படை. யார் பிரேக் அடித்தார் என்பதை அது பார்ப்பதே இல்லை, ஜெயித்த ரேக், தோற்ற ரேக் இரண்டுதான் கணக்கு. அப்படி 100 புள்ளி வித்தியாசமுள்ள இருவர் ஜெயித்தவர் பிரேக் முறையில் ஆடினால், பிரேக்குக்கு எந்த மதிப்பும் இல்லாவிட்டாலும் பிரேக் அடித்தவர் ஜெயித்தது 55.6 சதவீதம் என்று காட்டும். பெரிய ஓப்பன் போட்டிகளின் முதல் சுற்றுகளில் உலக சாம்பியனும் உள்ளூர்க்காரரும் மோதுவார்கள், வித்தியாசம் 100க்கு மேலேயே இருக்கும். அந்தச் சுற்றுகளையும் சேர்த்து எண்ணிவிட்டுப் பிரேக் ஆதாயம் இவ்வளவு என்று சொன்னால் அதில் பாதி தரவித்தியாசம்தான்.

அப்படியானால் ஜெயித்தவர் பிரேக் முறை அநியாயமா என்றால், அதுவும் இல்லை. இதை முதல் தடவை கணக்குப் போட்டபோது நானே நம்பவில்லை. 11 வரை ஆடும் மேட்ச், முதல் பிரேக் உனக்கு. மாறி மாறி அடித்தால், முழு 21 ரேக்கும் போனால் உனக்கு 11 பிரேக், எனக்கு 10. இப்போது ஜெயித்தவர் பிரேக். நீ 11ஆவது ரேக்கை ஜெயிக்கும்போது எத்தனை பிரேக் அடித்திருப்பாய்? முதலாவது ஒன்று, பிறகு நீ ஜெயித்த முதல் பத்து ரேக்குக்குப் பின்னால் ஒவ்வொன்று, மொத்தம் 11தான். நான் ஜெயித்த ரேக்குகளுக்குப் பின்னால்தான் எனக்குப் பிரேக், அது பத்தைத் தாண்டாது. நான் ஜெயித்தாலும் இதே மாதிரி எனக்குப் பத்து, உனக்கு அதிகபட்சம் 11. ஆக இரண்டு முறையிலும், ஆடாமல் விட்ட பிரேக்குகளையும் ஆடி முடித்ததாக வைத்துக்கொண்டால், உனக்கு 11, எனக்கு 10 என்ற அதே 21 ரேக்கில் அதிகம் யாருக்கு என்பதுதான் முடிவு. மேட்ச்சை ஜெயிக்கும் வாய்ப்பு அணுவளவும் மாறாது. ஒவ்வொரு ரேக்கும் முந்தைய ரேக்கின் பாதிப்பு இல்லாமல் நடந்தால் என்பது ஒரு நிபந்தனை. மாறுவது ஸ்கோர்தான். ஜெயித்தவர் பிரேக்கில் 11க்கு 3 மாதிரி ஒருபக்கச் சாய்வும், 2க்கு 9 பின்தங்கி எழுந்து வருவதும் அதிகம் நடக்கும், டிவிக்காரர்களுக்கு அதுதானே வேண்டும். நாற்காலியில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து கை ஆறிப்போனவன் எழுந்து வந்து முதல் அடியைத் தப்பவிடுவது அந்த நிபந்தனையை உடைக்கும் விஷயம், அதை எந்தக் கணக்கிலும் பிடிக்க முடியவில்லை.

உன் டாஸ் கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. லேக் ஜெயித்தவருக்குக் கிடைப்பது மேட்ச் முழுக்க ஒரே ஒரு கூடுதல் பிரேக். அதுவும் கடைசி ரேக் வரை போனால்தான்.

இனி ரேக் கட்டுவது. வருஷத்துக்கு வருஷம் பிரேக் எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்றால் பாதிக் காரணம் இதில் இருக்கிறது. நைன் பாலில் பந்துகளை வைர வடிவத்தில் கட்டுவார்கள், ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்ற வரிசையில். முன்னால் 1, நட்ட நடுவில் 9. நடு வரிசையின் இரண்டு ஓரத்துப் பந்துகளுக்கு விங் பால் என்று பெயர். எல்லாப் பந்தும் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளியே இல்லாமல் இருந்து, 1 மேஜையில் ரேக் கட்டக் குறித்திருக்கும் புள்ளியின் மேல் இருந்தால், விங் பால் கிட்டத்தட்டச் சொல்லி வைத்த மாதிரி மூலைப் பாக்கெட்டுக்குப் போகும். மனிதக் கை முக்கோணத்தை வைத்துக் கட்டும்போது ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விழுந்தாலே இது நடக்காது. இறுக்கமாகக் கட்டும் கருவிகளும், பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் குழி வெட்டிய டெம்ப்ளேட்டும் வந்தபோது ஆட்டமே மாறிப்போனது.

2001 யுஎஸ் ஓப்பனில் அமெரிக்கர் கோரி டூயல் இதை வெட்டவெளிச்சமாக்கினார். எல்லோரும் முழு பலத்தில் அடித்துக்கொண்டிருக்க, இவர் மெதுவாகத் தட்டினார். விங் பால் எப்படியும் விழத்தான் போகிறது, பிறகு எதற்கு வேகம்? வேகம் குறைந்தால் மற்ற பந்துகள் மேஜையின் அந்தப் பக்கமே கிடக்கும், ஆட சுலபம். இறுதியில் பின்லாந்தின் மிகா இம்மோனனை 11க்கு 0 என்று முடித்தார். 11க்கு 0! எதிரில் நின்றது சாதாரண ஆளும் இல்லை, அதே வருஷத்து உலக சாம்பியன். பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கவில்லை, இது பிரேக்கே இல்லை என்றார்கள். எனக்கு இதில் கோரி டூயல் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, விதியில் ஓட்டை இருந்தால் ஆட்டக்காரன் அதில் புகுந்து வரத்தான் செய்வான், அடைக்க வேண்டியது நடத்துகிறவர்கள் வேலை.

அவர்களும் அடைத்தார்கள். மூன்று புள்ளி விதி வந்தது: விழுந்த பந்துகளும், பிரேக் அடிக்கும் பக்கத்துக் கோட்டைத் தாண்டி வந்த பந்துகளும் சேர்ந்து குறைந்தது மூன்று ஆக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிரேக் செல்லாது. மெதுவாகத் தட்டுவது அதோடு போனது. பிறகு 1க்குப் பதில் 9ஐப் புள்ளியில் வைத்துக் கட்டும் முறை. ரேக் முழுவதும் இரண்டு வரிசை, அதாவது கிட்டத்தட்ட 4 அங்குலம், அடிப்பவரை நோக்கி நகர்ந்துவிடும். அவ்வளவுதான் மாற்றம், ஆனால் விங் பால் இப்போது பாக்கெட்டுக்குப் போகாமல் குஷனில் போய் முட்டுகிறது. அதனால் ஆட்டக்காரர்கள் ஓரத்திலிருந்து சாய்த்து அடித்து 1ஐயே பக்கப் பாக்கெட்டில் போடப் பழகிக்கொண்டார்கள். அங்கே விழுவது 1 என்றால் அடுத்துத் தெரிய வேண்டியது 2. என் நோட்டின் நான்காவது பத்தியையே மாற்ற வேண்டி வந்தது. இத்தனை மாற்றம் நடந்த பிறகு 2005ஆம் வருஷத்து எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்து, ஆட்டக்காரர்கள் பிரேக்கில் மோசமாகிவிட்டார்கள் என்று பேசுவதைக் கேட்டால் சிரிப்புதான் வரும்.

எய்ட் பாலும் டென் பாலும் வேறு கதை. எய்ட் பாலில் பதினைந்து பந்து, எண் வரிசை தொல்லை இல்லை, தன் கூட்டத்தில் எது வேண்டுமோ அதை அடிக்கலாம், அது நம் கேரமுக்குத்தான் பக்கம். டென் பாலில் முக்கோணம், விங் பால் அவ்வளவு பணிவாக விழாது. தேடும்போது இன்னொன்றும் கவனி, ஸ்ட்ரெய்ட் பூல் என்ற இன்னொரு ஆட்டத்தில் பிரேக் ஷாட் என்பதற்கு அர்த்தமே வேறு, அங்கே கடைசியாக மிஞ்சும் ஒரு பந்தைப் போட்டுக்கொண்டே புது ரேக்கை உடைத்துவிட்டுத் தொடர்வதுதான் பிரேக் ஷாட். வில்லி மோஸ்கோனி 1954இல் தப்பாமல் தொடர்ந்து 526 பந்து அடித்ததும், 2022இல் ஜேசன் ஷா 714 அடித்ததும் அந்த ஆட்டத்தில். அந்த எண்களை இதோடு கலக்காதே.

கடைசியாக, எத்தனை எண்ணினால் போதும் என்பது. ஒரே ஒரு மேட்ச் பார்த்துவிட்டு, இவன் பிரேக் 80 சதவீதம், அவன் 50 சதவீதம் என்று பேசுகிறோமே, பத்துப் பிரேக்கில் உண்மையான 60 சதவீதக்காரன் 30 புள்ளி வரை மேலேயோ கீழேயோ போய் நிற்பது சர்வ சாதாரணம். நூறு பிரேக் எண்ணினால் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 10 புள்ளிக்குள் அடங்கும். 400 எண்ணினால் 5. புரோ ஆட்டக்காரர் ஒருவர் ஒரு முழுப் போட்டியில், இறுதி வரை வந்தால்கூட, நூறு பிரேக்கைத் தாண்டுவது கஷ்டம். அதனால் ஒரு போட்டியை வைத்து இரண்டு பேருடைய பிரேக்கை ஒப்பிட்டு, நாலு புள்ளி வித்தியாசத்துக்குச் சண்டை போடுவது நேரத்துக்குப் பிடித்த கேடு. மேஜைக்கு மேஜையும் மாறும், 4.5 அங்குலப் பாக்கெட்டில் எப்படியோ உள்ளே போய்விடுகிற பந்து அதைவிடச் சின்னப் பாக்கெட்டில் தாடையில் அடித்து வெளியே வரும்.

சராசரியை ஒரு ஆள் மேல் அப்படியே ஒட்டவும் கூடாது. 1996இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு போட்டியில், தொடர்ந்து பத்து ரேக் பிரேக் அடித்து முடித்தால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். ஏர்ல் ஸ்டிரிக்லேண்ட் 11 அடித்துவிட்டார். பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் இன்சூரன்ஸ் தகராறாகி வழக்கு வரை போனது. நாலில் ஒன்று என்ற சராசரியை வைத்துப் பெருக்கினால் 11 தொடர்ச்சியாக வருவது 41 லட்சத்து 94 ஆயிரத்தில் ஒன்று. இரண்டில் ஒன்று என்று வைத்துப் பெருக்கினால் 2,048இல் ஒன்று. நல்ல ஃபார்மில் இருக்கும் ஒரு மேதை, பந்து விழுகிற மேஜை, கை பழகிய ரேக், இத்தனையும் கூடும் நாளில் நாலில் ஒன்று என்ற சராசரிக்கு அங்கே வேலையே இல்லை. கணக்குப் போட்டு அறிவித்தவர்கள் எந்தச் சராசரியை நம்பினார்களோ.

நம் கடை மேஜைக்கு வருவோம். நீ பத்துக்கு எட்டு பிரேக் பந்து விழுகிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாய். ஏசி அரங்கத்தில் புதுத் துணியில் ஆடுவதும், ஐப்பசி வாடையில் ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடுவதும் ஒன்றல்ல. கடல் ஈரத்தைக் குடித்த துணி பந்தைப் பிடித்து இழுக்கும், பந்திலும் பிசுபிசுப்பு, ரேக் உடைந்தாலும் பரவாது, இரண்டு மூன்று பந்து கட்டியாக நிற்கும். போதாததற்கு ரேக் கட்டும் இடத்தில் துணி குழி விழுந்துவிட்டது, பந்து அந்தக் குழியில் போய் உட்கார்ந்து ஒட்டாமல் நிற்கிறது. அடிப்பதற்கு முன்னால் பந்துகளை ஈரத்துணியால் துடைத்துக் காயவை, முக்கோணத்தை எடுத்த பிறகு குனிந்து வெளிச்சத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பார். பத்தில் எட்டு வருமோ ஆறு வருமோ, அப்புறம் பேசலாம்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வா. நோட்டு என்னிடம் இருக்கிறது, பழைய தோஹா நோட்டிலேயே பின்பக்கம் நிறைய இடம் கிடக்கிறது. நூறு பிரேக் நீ அடி, ஆறு பத்தியையும் நான் நிரப்புகிறேன், முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். பந்து விழுந்த பிரேக் எழுபதைத் தாண்டினால் ஒரு கிலோ தொதல் நான் வாங்கித் தருகிறேன். ஆனால் கியூ பாலும் சேர்ந்து விழுந்தால் டிக் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.